பத்துக்குப் பன்னிரண்டு: மலைநகரத்தில் ஓர் அறைக்கு ஏன் இவ்வளவு வாடகை?

கண்டியில் நான் குடியிருக்கும் அறையைப் போன மாதம் அளவு நாடா பிடித்து அளந்தேன். நீளம் பதினொரு அடி எட்டு அங்குலம். அகலம் பத்து அடி ஓர் அங்குலம். பெருக்கிப் பார்த்தால் 118 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. கட்டில், மேசை, ஒற்றை அடுப்பு, கேஸ் சிலிண்டர், துணி காயப் போடும் கொடி, மலசலகூடம் எல்லாம் இதற்குள்தான். மலசலகூடக் கதவை முழுதாகத் திறந்தால் கட்டில் காலில் இடிக்கும். இடித்து இடித்து அந்த இடத்தில் பலகை வெள்ளையாகிவிட்டது. மாத வாடகை 26,000 ரூபா. குடிவருமுன் ஆறு மாத முற்பணமாக 156,000 ரூபா கொடுத்தேன். அதில் பாதி கடன்.

அப்பா முதல் தடவை இங்கே வந்தபோது செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சுவருக்குச் சுவர் காலடி வைத்து நடந்து பார்த்தார். "பத்துக்குப் பன்னிரண்டுதானே" என்றார். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில், பிறந்தவர் அவர். நானும் அங்கேதான் பிறந்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது எங்களுக்கு ஓர் அளவு மட்டுமல்ல, வீடு என்ற சொல்லுக்கே அதுதான் பொருளாக இருந்தது. வாடகை எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இருபது பேர்" என்றார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் கணக்கு வைப்பார்கள். அன்றைக்கு நாட்சம்பளம் 1,350 ரூபா. இருபது நாள் மலையேறிக் கொழுந்து பறித்தால் வரும் காசை, அவர் பார்த்த அதே அளவு அறைக்கு நான் மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் போன பிறகு அந்தக் கணக்கு என்னை விடவில்லை. லயத்துக் காம்பராவுக்கு வாடகை கிடையாது. அதே பரப்புக்கு நகரத்தில் இந்த விலை எங்கிருந்து வருகிறது? வீட்டுக்காரரின் பேராசை என்று சொல்லிவிட்டால் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் என் வீட்டுக்கார அம்மா பேராசைக்காரர் அல்லர். ஓய்வூதியத்தில் வாழும் முன்னாள் ஆசிரியை. என்னைத் 'துவ' (சிங்களத்தில் மகள்) என்றுதான் கூப்பிடுவார், பௌர்ணமி நாளில் பாற்சோறு கொண்டுவந்து தருவார். விலை அவருக்கும் பின்னால், வெகுதூரத்திலிருந்து வருகிறது.

முதலில் கட்டடத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் மேல்மாடி வாடகைக்குப் போயிருக்கிறது. மூன்று படுக்கையறை, கிட்டத்தட்ட 1,200 சதுர அடி, மாதம் 75,000 ரூபா. சதுர அடிக்கு 62 ரூபா 50 சதம். என் அறைக்குச் சதுர அடி 220 ரூபா. மூன்றரை மடங்கு. விளம்பரங்களில் இப்போது 'ஸ்டூடியோ' என்று போடுகிறார்கள். ஊர்ப் பேச்சில் அனெக்ஸ், மாணவர்களுக்கு போர்டிங். பெயர் எதுவானாலும், சிறியதாக ஆக ஆக அடிக்கணக்கில் விலை ஏறுகிறது. இதற்கு ஒரு நேரான காரணம் உண்டு. பெரிய வீட்டிலும் ஒரு குசினி, ஒரு குளியலறை, ஒரு வாசல். சின்ன அறையிலும் அதேதான். குழாய், கழிவுக் குழி, கதவு, பூட்டு, மின்கம்பி இவற்றின் செலவு அறை சிறுத்தால் சிறுப்பதில்லை. மறுபக்கம், 75,000 ரூபா கொடுக்கக்கூடியவர் ஊரில் கொஞ்சம்பேர். 26,000 ரூபாவுக்குள் எப்படியாவது தலைசாய்க்க இடம் தேடுபவர் நூற்றுக்கணக்கானோர். சதுர அடியை யாரும் வாடகைக்கு எடுப்பதில்லை. பூட்டக்கூடிய ஒரு கதவைத்தான் எடுக்கிறோம். கதவுக்குத்தான் விலை.

இது உலகத்தில் எந்த நகரத்துக்கும் பொருந்தும். மலைக்கென்று தனியாக உள்ளது சரிவு. கண்டியில் வீதியிலிருந்து பார்த்தால் ஒரு மாடி வீடு போலத் தெரிவது, பின்னால் போய்ப் பள்ளத்திலிருந்து பார்த்தால் மூன்று மாடியாக நிற்கும். வீதி மட்டத்தில் வீட்டுக்காரர் இருப்பார். அதற்குக் கீழே சரிவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தூண்களுக்கு இடையிலான வெற்றிடம்தான் காலப்போக்கில் சுவர் வைக்கப்பட்டு அறையாகிறது. சரிவில் வீடு கட்டுகிறவர் மண்ணுக்கு மேலே தெரியும் சுவருக்குச் செலவழிப்பதற்கு முன்னால், மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவருக்கும் அத்திவாரத்துக்கும் பணத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பணத்தைத் திருப்பி எடுக்க அவருக்குள்ள வழி கீழே கிடக்கும் அந்த வெற்றிடம்தான். 2022இல் சீமெந்து மூடையின் விலை ஏறத்தாழ மூன்று மடங்கானபோது, புதிதாக ஓர் அறை கட்டுவதைவிட இருக்கிற களஞ்சிய அறைக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடுவது எல்லாருக்கும் இலகுவானது. என் அறையும் ஒரு காலத்தில் விறகு அடுக்கிய இடம். கூரைக்கம்பியில் இன்னும் கரி படிந்திருக்கிறது.

அப்படிப்பட்ட அறையின் பின்சுவர், சுவருக்கு அப்பால் காற்று இல்லாத சுவர். அங்கே இருப்பது வெட்டிய மலை. மழைநீர் மலைக்குள் இறங்கி வடிவதற்குத் தடுப்புச் சுவரில் துளை விட வேண்டும். துளை விட்டால் நீர் அறைக்குள் வரும் என்று அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் சுவரே நீரைக் குடிக்கிறது. கண்டியில் மழை உச்சமாகக் கொட்டும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் என் கட்டிலுக்குப் பின்னாலுள்ள சுவரில் கைவைத்தால் உள்ளங்கை நனையும். மூன்று நாள் காய்ந்த துணியிலும் ஈர வாடை போகாது. போன வருடம் பெட்டியின் அடியிலிருந்த என் சாதாரண தரச் சான்றிதழை எடுத்தபோது ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஈரத் துணியால் துடைக்கக் கூடாது என்று தெரியாமல் துடைத்துவிட்டேன். கணிதத்துக்கு எடுத்த பெறுபேறு கலங்கிப்போயிற்று. இப்போது சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி, அரிசி டின்னுக்கு மேல் வைத்திருக்கிறேன்.

சரி, சரிவை விட்டுவிட்டுச் சமதரையில் கட்டக் கூடாதா? கண்டியைச் சற்று உயரத்திலிருந்து பார்த்தால் பதில் தெரியும். மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம் அது. கிண்ணத்தின் அடியில் இருந்த வயல் நிலத்தைத்தான் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807இல் வாவியாக்கினான். ஒரு பக்கம் 104 ஹெக்டேயர் உடவத்தக்கலைக் காடு. அதைத் தொட முடியாது, தொடவும் கூடாது. நகரம் 1988இலிருந்து உலக மரபுரிமைத் தலம் என்பதால் தலதா மாளிகையைச் சுற்றிய பழைய நகரத்தில் நினைத்த உயரத்துக்குக் கட்ட முடியாது. மிஞ்சுவது சுற்றியுள்ள சரிவுகளும், பேராதனைப் பக்கமும், கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் நீளும் வீதிகளும்தான். பேராதனையில் 1952இலிருந்து பல்கலைக்கழகம் இருக்கிறது. விடுதி கிடைக்காத மாணவர்கள் அத்தனைபேரும் இதே வீதிகளில்தான் அறை தேடுகிறார்கள்.

சரிவில் கட்டுவதற்கும் இன்று எல்லை உண்டு. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி பெற வேண்டும். இந்த விதியைத் தொல்லை என்று திட்டுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அவர்களோடு உடன்பாடு இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த இரவுகளில் பின்சுவரில் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தவள் நான். விதி வேண்டும். ஆனால் விதியின் விளைவையும் சொல்ல வேண்டும். அனுமதி கிடைக்கக்கூடிய நிலம் குறையக் குறைய, கட்டி முடித்த அறையின் விலை ஏறுகிறது. அனுமதி இல்லாமல் கட்டிய அறைகளோ முகவரியின்றி, மீற்றரின்றி, கடதாசியின்றி வாடகைக்குப் போகின்றன.

கண்டியை விட்டு மேலே போனால் கதை இன்னும் இறுகுகிறது. ஹட்டன் பிரதான வீதியில் நடந்து பாருங்கள். இரு பக்கமும் கடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். கடைசிக் கடை முடிகிற இடத்தில் தேயிலை தொடங்கிவிடும். நடுவே ஒரு பாழ்நிலம்கூட இராது. ரயில் 1884இல் ஹட்டனுக்கு வந்தது தேயிலையையும் துரைமாரின் சாமான்களையும் ஏற்றி இறக்கத்தான். நகரம் ரயில் நிலையத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஒரு கீற்று. அந்தக் கீற்றைச் சுற்றியுள்ள நிலம் முழுவதும் தோட்டம். தோட்டங்களை 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போயிற்று. பின்னர் அது 53 வருடக் குத்தகையாகி, 2045 வரை ஓடுகிறது. ஒரு பஸ் நிலையத்தைப் பெரிதாக்கவோ, பாடசாலைக்கு ஒரு கட்டடம் எழுப்பவோ, மயானத்துக்கு இன்னும் அரை ஏக்கர் சேர்க்கவோ, தோட்டம் நிலத்தை விடுவிக்க வேண்டும். நகரம் விரிய இடமில்லை. ஆகவே மேலே மேலே அடுக்கிக்கொள்கிறது, உள்ளே உள்ளே தடுத்துக்கொள்கிறது.

இருந்த கொஞ்சச் சமநிலத்தையும் நீர் எடுத்துக்கொண்டது. மவுசாக்கலை அணைக்குள் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கிக் கிடக்கிறது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோவில் தலைகாட்டும். எங்கள் ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். அப்பாவின் அம்மா பழைய கடைத்தெருவில் எந்தக் கடை எங்கே இருந்தது என்று நீரைப் பார்த்தே சொல்லுவார். மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையிலும் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. நாட்டுக்கு மின்சாரம் தேவைதான். அதன் விலையில் ஒரு பங்கை மலைநகரங்கள் நிலமாகக் கொடுத்தன என்பதையும் அதோடு சேர்த்து எழுத வேண்டும்.

இந்த நெருக்கமான நகரங்களை நோக்கித்தான் எங்கள் தலைமுறை தோட்டத்திலிருந்து இறங்கி வருகிறது. லயத்தின் இலட்சணத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது குடும்பங்களுக்காகக் கட்டப்பட்டதே அல்ல. கோப்பிக் காலத்தில் பருவ வேலைக்கு வந்துபோன கூட்டங்களுக்குப் படுக்கக் கட்டிய கொட்டகை வரிசை. தேயிலை வந்து வருடம் முழுவதும் வேலை என்றானபோது அதுவே நிரந்தர வீடாயிற்று. ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற ஒரு திண்ணை. இரட்டை லயமென்றால் முதுகோடு முதுகு ஒட்டிய இன்னொரு வரிசை. மகனுக்குக் கல்யாணம் என்றால் இஸ்தோப்பைத் தகரம் அடித்து மறைத்து அறையாக்குவார்கள். அதற்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வாடகை இல்லை என்று சொன்னேன் அல்லவா, அது சரியான சொல் இல்லை. வாடகை உழைப்பாகக் கழிந்தது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டால்தான் காம்பராவில் இருப்பதற்கு ஒரு நியாயம். வேலையும் வீடும் ஒரே கயிற்றின் இரு முனை. படித்து வெளியே வேலைக்குப் போகிற பிள்ளை அந்தக் கயிற்றை அறுத்துக்கொண்டு போகிறது. அது திரும்பி வந்து உரிமையோடு நிற்க ஓரிடம் அங்கே இல்லை.

தோட்டத்திலிருந்தே தினமும் வேலைக்குப் போய்வரலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனிலிருந்து பிரதான வீதிக்கு இறங்க முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ், ஹட்டனிலிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ். மழைக்காலத்தில் வீதியில் மண் விழுந்தால் அதுவும் இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட பெண்பிள்ளை இருட்டில் தேயிலை மலை வழியாகத் தனியே நடக்க முடியாது. 26,000 ரூபா கொடுத்து நான் வாங்குவதில் பாதி அறை. மறுபாதி, ஐந்து மணிக்கு வேலை முடிந்து ஐந்தரைக்குக் கதவைப் பூட்டிக்கொள்ளும் நிம்மதி.

அதே கதவுக்கு வேறு போட்டியாளர்களும் உண்டு. 2024இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். அவர்களில் பலர் கண்டி, நுவரெலியா, எல்ல என்று மலையேறாமல் போவதில்லை. ஓர் இரவுக்கு அறை கொடுத்தால் சில நாட்களில் என் மாத வாடகை கைக்கு வந்துவிடும். நுவரெலியாவில் ஆசிரியையாக இருக்கும் என் தோழியிடம், ஏப்ரல் வசந்த காலத்தில் இரண்டு வாரம் அறையைக் காலிசெய்து தர முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்டார். வாடகையில் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். அவள் பெட்டியோடு தோட்டத்துக்குப் போய்விட்டு வந்தாள். திரும்பி வந்தபோது சுவரில் அவள் ஒட்டியிருந்த நேரசூசி கிழிக்கப்பட்டிருந்தது. கண்டியில் தலதா மாளிகையின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹரா நாட்களிலும் இதே கதைதான்.

இனி முற்பணத்துக்கு வருகிறேன். வாடகையைவிட என்னை நெரிப்பது அதுதான். ஆறு மாதம், ஒரு வருடம் என்று முன்கூட்டியே கேட்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது? சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் வாடகைக்காரர்தான் பலசாலி. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம், தன் எல்லைக்குள் வரும் வீடுகளில் வாடகையைக் கட்டுப்படுத்தியது, குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கு நிபந்தனைகள் போட்டது, மூன்று மாதத்துக்கு மேல் முற்பணம் வாங்குவதைத் தடைசெய்தது. அடுத்த வருடமே வந்த உச்ச எல்லைச் சட்டம், ஒரு குடும்பம் இத்தனை வீடுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றது. மிகையான வீட்டை அங்கே குடியிருப்பவரே வாங்க வழிசெய்தது. வீடில்லாதவர்களுக்காக நல்ல நோக்கத்தோடு கொண்டுவந்த சட்டங்கள் அவை. அன்றைக்கு வீடு பெற்றவர்கள் உண்டு. ஆனால் வீட்டுக்காரர்களின் நினைவில் தங்கியது வேறு: வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும். என் வீட்டுக்கார அம்மாவின் மாமனார் அப்படி ஒரு வீட்டுக்காகப் பதினாறு வருடம் வழக்காடினாராம். அந்தக் கதையை அவர் எனக்கு இரண்டு தடவை சொல்லியிருக்கிறார், இரண்டு தடவையும் என் கண்ணைப் பார்க்காமல்.

பின்னால் வந்த திருத்தங்கள் பல வீடுகளை அந்தச் சட்டத்துக்கு வெளியே கொண்டுபோயின. பயம் மட்டும் வெளியே போகவில்லை. அந்தப் பயம்தான் தனி வீட்டை வாடகைக்கு விடாமல் தன் காலடியிலேயே ஓர் அறையை விடச் செய்கிறது. யாரையும் ஒரு வருடத்துக்கு மேல் வேரூன்ற விடாமல் பார்த்துக்கொள்வதும் முழு முற்பணம் கேட்பதும் அதே பயத்தால்தான். அவருடைய பயத்துக்கான காப்புறுதிக் கட்டணத்தை நான் செலுத்துகிறேன்.

ஒப்பந்தம் என்று ஒன்று எழுதுகிறோம். முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி கையெழுத்து வைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, உறுதி எழுதிச் சான்றுபடுத்தும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் தாளில் ஒரு வருடம் என்று எழுதியிருந்தாலும் அது மாதவாடகை உறவாகவே கொள்ளப்படும். ஏறத்தாழ இருநூறு வருடப் பழைமையான இந்தச் சட்டம் இன்றும் என் அறைக் கதவில் நிற்கிறது. 2023இல் வந்த புதிய சட்டமொன்று, குத்தகைக்கு விட்ட இடத்தை வீட்டுக்காரர் விரைவாக மீளப்பெற வழி செய்திருக்கிறது. அதுவும் நொத்தாரிசு எழுதிய குத்தகைகளுக்குத்தான். நான் இதை வரவேற்கிறேன். வீட்டுக்காரரின் பயம் குறைந்தால் முற்பணம் குறைய வாய்ப்பிருக்கிறது. ஆனால் நொத்தாரிசுச் செலவையும், சோலைவரிப் (உள்ளூராட்சி சபை அறவிடும் வீட்டுவரி) பதிவில் அறை ஏறிவிடும் என்ற தயக்கத்தையும் யார் தாண்டுவது? நாங்கள் புத்தகக் கடையில் வாங்கிய படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைத்தோம்.

மின்சாரக் கட்டணத்திலும் சின்ன அறைக்காரர்தான் அதிகம் கொடுக்கிறார். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறும் முறையிலானது: 30 அலகுக்குள், 60 அலகுக்குள் பாவிப்பவருக்கு அலகு மலிவு, அதைத் தாண்டினால் விலை வேறு. தனியாளாகிய நான் மாதம் 40 அலகுக்கு மேல் போவதில்லை. எனக்கென்று ஒரு மீற்றர் இருந்தால் மலிவுப் படியில் நிற்பேன். ஆனால் இந்தக் கட்டடத்துக்கு மீற்றர் ஒன்றுதான். மேலே வீட்டுக்காரர், நடுவில் ஒரு குடும்பம், கீழே நானும் இன்னொரு பிள்ளையும். எல்லாருடைய பாவனையும் ஒன்றாகக் கூடி மேல்படிக்குப் போய்விடுகிறது. மொத்தப் பட்டியலை உப மீற்றர்ப்படி பிரிக்கும்போது, வறியவருக்கென்று வைத்த சலுகை எந்த வறியவரையும் சேராமல் காற்றில் கரைகிறது. 2022 ஓகஸ்டில் 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியபோது, தண்ணீர் சுட வைக்கும் கேத்தலுக்கு நான் நாள் குறித்து வைத்தேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது, அது எந்தப் பட்டியலிலும் வராது. குடிவந்த முதல் வாரமே வீட்டுக்கார அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்: வாக்காளர் இடாப்பில் இந்த முகவரியில் பதியாமல் இருக்க முடியுமா? பதிந்தால் நாளைக்கு உரிமை கேட்பார்களோ என்ற அதே பழைய பயம். நான் சம்மதித்தேன். சம்மதிக்காவிட்டால் அறை இல்லை. ஆனால் அந்த ஒரு சம்மதத்தால் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் சிக்கல். நாளைக்கு எனக்கொரு பிள்ளை பிறந்து நகரத்துப் பாடசாலையில் தரம் ஒன்றுக்குச் சேர்க்கப் போனால், பாடசாலைக்கு அருகில் வசிப்போர் என்ற பிரிவுக்கு ஒதுக்கிய இடங்களுக்கு முந்தைய ஐந்து வருட வாக்காளர் பதிவைப் பார்ப்பார்கள். என் பெயர் அங்கே இராது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டத்தாலும் என் பூட்டனின் பெயர் இடாப்பிலிருந்து போயிற்று. மீதமிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைத்து அந்தக் கணக்கு முடிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆயிற்று. அந்தப் பெயரை மீட்க நான்கு தலைமுறை எடுத்த குடும்பத்தில் பிறந்த நான், ஓர் அறைக்காக அதைப் பதியாமல் விடச் சம்மதித்தேன். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் பெயர் இன்னும் தோட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் எனக்கு முகவரி என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிசன், அவ்வளவுதான். கடிதம் தோட்டக் கந்தோருக்கு வரும். யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. பேராதனைக்குத் தெரிவான என் ஒன்றுவிட்ட தம்பிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒன்று திகதி கடந்து கிடைத்த கதை எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தோட்டத்தில் சொந்தக் காணி கிடைத்தால் இந்தச் சுற்று உடையும் என்று நாங்கள் நம்பிய காலம் உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் நிலம், 550 சதுர அடி வீடு என்பது கடந்த பத்து வருடமாகக் கேட்டுவரும் அளவு. இந்திய உதவியோடு மலையகத்தில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது மைதானத்தில் அப்பாவும் நின்றார். கட்டி முடிந்த வீடுகளைப் பார்க்கும்போது மனம் குளிர்கிறது. தனித்தனி வீடு, தனித்தனிப் படலை, படலையோரம் செவ்வரத்தை. ஆனால் தேவையோடு ஒப்பிட்டால் அது கைப்பிடி அளவு. வீடு கிடைத்தும் காணி உறுதி கைக்கு வராமல் காத்திருப்போர் பலர். உறுதி இல்லாத வீட்டில் குடியிருக்கலாம். வங்கியில் பிணைவைக்க முடியாது. கண்டியில் ஒரு கடைக்காரரின் மகன் தகப்பனின் காணியை ஈடுவைத்துக் கடன் எடுத்து வீடு வாங்குகிறான். அதே சம்பளம் எடுக்கும் எனக்கு ஈடுவைக்க ஒன்றுமில்லை. ஆகவே அவன் தவணை கட்டுகிறான், நான் வாடகை கட்டுகிறேன். பத்து வருடம் கழித்து அவனிடம் வீடு இருக்கும், என்னிடம் பற்றுச்சீட்டுக் கட்டு இருக்கும். அதுவும் வீட்டுக்காரர் பற்றுச்சீட்டுக் கொடுத்தால்.

நகரத்துக்குள் வந்துவிட்டால் லயம் விட்டுப்போகும் என்பதும் உண்மையில்லை. கண்டி மஹியாவையில் மாநகர சபையின் துப்புரவு வேலைக்கென்று அழைத்துவரப்பட்டவர்களின் குடும்பங்கள் தலைமுறைகளாக நெருக்கியடித்த வரிசை வீடுகளில் வாழ்கின்றன. இந்த நகரத்தைத் தினமும் கழுவித் துடைத்தவர்கள் அவர்கள். அந்த வழியாகப் போகும் போதெல்லாம், வேலைக்காகக் கொடுத்த வீட்டில் இருப்பவர்களும், காசு கொடுத்து வாங்கிய அறையில் இருக்கும் நானும் கடதாசி விஷயத்தில் ஒரே இடத்தில்தான் நிற்கிறோம் என்று தோன்றும்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் என்னிடம் பெரிய திட்டம் இல்லை. செய்யக்கூடியவை என்று எனக்குப் படுபவை சில. ஒரே கட்டடத்தில் தனித்தனியாக வாழ்வோருக்குத் தனி மீற்றரை இலகுவாகக் கொடுக்கலாம். வாடகைக்காரர் வாக்காளராகப் பதிவதால் வீட்டுரிமை எதுவும் பறிபோகாது என்பதைக் கிராம உத்தியோகத்தர்களே வீட்டுக்காரர்களுக்கு எழுத்தில் சொல்லலாம். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா போன்ற நகரங்களின் ஓரத்தில், விளைச்சல் விழுந்துபோன தேயிலை நிலத்தில் சில ஏக்கரை விடுவித்து, வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நகர சபையே நியாய வாடகையில் அறைகள் கட்டலாம். மலை சரியாத இடமா என்று பார்த்துத்தான். இதில் ஒன்றும் புதுமை இல்லை. தோட்டங்கள் 150 வருடங்களுக்கு முன்பே வேலையாட்களுக்கு வரிசையாக அறை கட்டின. இந்தத் தடவை சாவியோடு கடதாசியும் கொடுத்தால் போதும்.

வரும் 28ஆம் திகதியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. வாடகை 30,000 ஆகும் என்று வீட்டுக்கார அம்மா போன ஞாயிற்றுக்கிழமை தேநீர் கொடுத்துக்கொண்டே சொன்னார். நான் பேரம் பேசவில்லை. இந்தத் தடவை நொத்தாரிசிடம் போய் முறையாக எழுதுவோம், செலவில் பாதியை நான் தருகிறேன், உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு என்று சொன்னேன். வாக்காளர் இடாப்பைப் பற்றியும் கேட்டேன். மாமனாரின் கதையை மூன்றாவது தடவை சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் துவ, என்றார்.